கூடாரத்தில் சாமி வந்த மாலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். பேனாவை எடுப்பேன், ஆத்திரம் வரும், சாமி பேரைச் சொல்லி மூடி வைத்துவிடுவேன். படிப்பும் எனக்கு அதிகமில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு சரி. போன மாதம் பூசையறைக்குக் கதவு செய்யச் சொல்ல புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ஒரு மரப்பட்டறைக்குப் போனேன். உள்ளே கால் வைத்ததும் மரத்தூள் வாடை. மற்றவர்களுக்கு அது புது வீட்டு வாடை. எனக்கு அது தரையில் மரத்தூள் கொட்டிய சர்க்கஸ் கூடாரத்து வாடை. கதவின் அளவைக்கூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

மெர்டேக்கா என்று சுதந்திரக் கொடி ஏறிய வருஷம். ஊரில் எந்தத் திடலைப் பார்த்தாலும் மேடை, மைக், கொட்டு. தெங்கேராப் பக்கம் கடலோரத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு சர்க்கஸ் கம்பெனி கூடாரம் அடித்திருந்தது. புதுமாதிரி என்றார்கள். ஆட்டக்காரர்கள் நம் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்களாம். தலைக்கு மேலே பறப்பார்களாம். நம்மையும் இழுத்து ஆடவைப்பார்களாம். நான் அப்போது டவுனில் ஒரு ராவுத்தரின் மளிகைக் கடையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். சர்க்கஸ்காரர்களுக்கு அரிசி, பருப்பு எங்கள் கடையிலிருந்துதான் போனது. அவர்கள் கொடுத்த சீட்டில் ரெண்டை ராவுத்தர் என்னிடம் நீட்டினார். "தம்பி, அக்காவக் கூட்டிட்டுப் போய்ட்டு வா. பாவம், அந்தப் புள்ள கோயிலு, வீடுன்னே கெடக்குது."

அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜப்பான்காரன் காலத்தில் அவள் புருஷனைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை, செத்தார் என்ற செய்தியும் வரவில்லை. தோட்டத்தை விட்டு காஜா பெராங்குக்குக் குடிவந்த பிறகும் அவள் தாலியோடு, பொட்டோடுதான் இருந்தாள். அந்தப் பொட்டைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பார்கள். கோயில் திருவிழாவில் யார்மேல் சாமி வந்தாலும் முதல் ஆளாய்ப் போய்க் கேட்பாள்: "இருக்காரா, இல்லியா?" சாமி சுற்றி வளைத்துத்தான் சொல்லும். வடக்கே வெளிச்சம் தெரியுது, தண்ணி தெரியுது என்று. அதுவே அவளுக்கு அடுத்த திருவிழா வரைக்கும் போதும்.

முதல் பாதி ஆட்டம் எனக்குப் பிடித்திருந்தது, அதை மறைக்கவில்லை. பெண்கள் கயிற்றில் இறங்கி, பெஞ்சுகளின் மேலேயே நடந்து, ஒரு கனத்த சீன முதலாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் செருப்பு ஒன்று என் மடியில் விழுந்தது. கொடுக்க வழியில்லாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் உருத்திராட்சம். இடைவேளையில் அக்காவிடம் மரியாதையாகப் பேச்சுக் கொடுத்தார்.

"எந்தப் பக்கம்மா வீடு? வீட்டுக்காரர் வரலியா?"

"சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனாங்க. இன்னும் வரலீங்க."

"ச்சு ச்சு. ஆத்தா பாத்துக்குவா," என்று கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

மணி அடித்து ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு கத்துக் கத்தினார். உடம்பு உதறியது. முடி அவிழ்ந்தது. "சாமி வந்திருச்சு! வழி வுடுங்க!" என்று யாரோ கூவினார்கள். எங்களுக்கு வேறென்ன தோன்றும்? எங்கே வந்தாலும் சாமி சாமிதான். பெண்கள் குலவையிட்டார்கள். காலில் ஊற்ற மஞ்சத்தண்ணி இல்லாமல் ஒருவர் ஆரஞ்சு சோடாவை ஊற்றினார். நானும் புதுச் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தச் சீனரின் செருப்போடு கையெடுத்துக் கும்பிட்டேன். சிரியுங்கள், பரவாயில்லை. இதுவரைக்கும் சிரிக்கலாம்.

அக்கா முட்டி போட்டாள். தாலியை ரெண்டு கையிலும் ஏந்தினாள்.

"தாயே, இத்தன வருசமா வளச்சி வளச்சிச் சொன்னது போதும். நான் இத வச்சிக்கிறதா, கழட்டறதா? ஒரே வார்த்த சொல்லு."

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். இனிமேல் அவனுக்கு என்னிடம் மரியாதை கிடையாது.

"வச்சிக்கடி மகளே! சயாம்லேர்ந்து உம் புருசன் வந்துட்டான்! அதோ, வாசல்ல நிக்கிறான் பாரு!"

விளக்கு மொத்தமும் கூடார வாசலுக்குத் திரும்பியது. எல்லாத் தலையும் திரும்பியது. அந்த நொடியில் மேலேயிருந்து கயிறு இறங்கியது, பிடித்துக்கொண்டு எகிறினான். வேட்டி கழன்று விழுந்தது. ஜிகினா உடுப்போடு எங்கள் தலைக்கு மேலே குட்டிக்கரணம் போட்டான். வாசலைக் காட்டுவதுதான் வித்தை. நாம் அங்கே பார்க்கும்போது கயிறு இறங்கவேண்டும், அவ்வளவுதான்.

கூடாரமே மேலே பார்த்துக் கை தட்டியது. அக்கா மட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவும் அவங்க ஆளுதான்லா. என்னமா நடிக்குது!" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். விளக்கு அவள்மேல் வந்து நின்றது. அவளுக்கும் கை தட்டினார்கள்.

ஆட்டம் முடிந்ததும் கூடாரத்தின் பின்பக்கம் போய் அவனைப் பிடித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். விபூதியாவது நிஜமா என்று பார்த்தேன். பவுடர்.

"ஒனக்குத் தெரியும்தானே? அவங்க வாயாலயே சொன்னாங்கல்ல?"

"தெரிஞ்சதாலதான தம்பி அவ்ளோ நல்லா அமைஞ்சுது," என்று சிரித்தான். "ஜனங்க ரசிச்சாங்கள்ல?"

தெரியாமல் செய்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். தினமும் விளக்கேற்றும்போது எல்லாரும் நல்லா இருக்கணும் என்று வேண்டுகிறவன் நான். அந்த எல்லாரில் அவனைச் சேர்த்ததில்லை. சாமியே கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

அடுத்த திருவிழாவில் எங்கள் கோயில் சாமியாடி தானாகவே அக்காவைக் கூப்பிட்டார். "கேளு மகளே." அவள் ஓரத்திலேயே நின்றாள். "கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல," என்றாள். அதன் பிறகு எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. தாலியைக் கழற்றவும் இல்லை. அரைகுறையாகக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு சொல்லையும் அந்தப் பாவி கொண்டுபோய்விட்டான். அவள் இறந்த அன்று, பொட்டு வைப்பதா அழிப்பதா என்று பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். வைக்கச் சொன்னேன். பதில் தெரிந்து சொல்லவில்லை.

அந்தத் திடலில் இப்போது கடைவீடுகள். அந்த மாதிரிக் கம்பெனிகளும் ஒழிந்தன, நல்லது. சயாமுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்த பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். திருவிழாவில் இப்போது பரீட்சை, வேலை, வீடு என்று கேட்கிறார்கள். இருக்காரா, இல்லியா என்று கேட்க ஒருவரும் இல்லை. மிஞ்சியிருப்பது கல்யாணப் பந்தியில் சிரிப்புக்காகச் சொல்லும் ஒரு கதை. அதில் ஒரு பெண் சர்க்கஸ்காரனோடு சேர்ந்துகொண்டு ஊரையே ஏமாற்றினாளாம்.

நீங்கள் யாரிடமாவது சொல்வதானால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். அழகுக்காக ஒரு சொல் சேர்க்கவேண்டாம். அவனுக்கு இரங்கி ஒரு சொல் எடுக்கவும் வேண்டாம். என் அக்கா அன்றைக்கு நடிக்கவில்லை.