பின் இருக்கையில் ஒரு பேருந்துச் சாரதி

உங்கள் குடும்பம் சுற்றுலா போனால் காரை யார் ஓட்டுவார்?

நிரஞ்சலா டென்மார்க்கின் வைலே நகரில் பேருந்து ஓட்டுகிறாள். பனி கொட்டினாலும் ஊரே அவளை நம்பி ஏறும். ஆனால் விடுமுறை வந்தால், அவள் சாப்பாட்டுப் பையோடு பின் இருக்கையில். கணவர் இராசநாயகம் சாவியை விடமாட்டார்.

இந்தக் கோடையில் இருவரும் அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்துக்குப் போனார்கள். பயணம் நல்லபடி அமைய, வாடகைக் காரின் சக்கரங்களுக்கு அடியிலும் தேசிக்காய், அதாவது எலுமிச்சை வைத்து நசித்தார் இராசநாயகம். பேருந்து ஓட்டுகிற மனைவியைவிடத் தேசிக்காயில் அவருக்கு நம்பிக்கை அதிகம்! செம்பாறைப் பள்ளத்தாக்கின் விளிம்பில் பாதை வளைந்து ஏறத் தொடங்கியதும், காரை ஓரங்கட்டி இறங்கிவிட்டார். பள்ளத்தைப் பார்க்கப் பயந்து காரின் மறுபக்கம் போய் நின்றார்.

“திரும்பிப் போவமே, நிரா?”

“உச்சியைப் பாக்காமலோ? சாவியைத் தாங்கோ.”

“இது வைலே இல்லையப்பா!”

“ஓம், இங்க பனியுமில்லை, குறுக்க வாற சைக்கிளுமில்லை. ஏறுங்கோ, டிக்கெட் கேக்கமாட்டன்.”

வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு சிவப்பும் மஞ்சளுமாக விரிந்தது. நிரஞ்சலா பாடிக்கொண்டே ஓட்டினாள். உச்சியில் மிஞ்சிய தேசிக்காயைப் பிழிந்து தண்ணீரில் கலந்து நீட்டினாள்.

“சக்கரத்தைவிட வயித்துக்குத்தான் இது நல்லாய் வேலை செய்யுது,” என்று சிரித்தார் அவர். “ரோட்டைப் பாத்துப் பாத்து, இத்தனை நாளும் ஒரு இடத்தையும் நான் வடிவாய்ப் பாக்கேல்லை.”

டென்மார்க் திரும்பி, பில்லுண்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது, தங்கள் காரின் சாவியை அவரே நீட்டினார்.

உங்கள் வீட்டுக் காரின் பின் இருக்கையையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அடுத்த பயணத்தில் சாவியை அங்கே இருப்பவளிடம் கொடுங்கள்.