பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

பல்லடம் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. எல்லாம் லினக்ஸ். ஒரு புரோகிராம் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். சிஸ்டத்தோடு வந்தவை /usr/bin-இல் இருக்கும். அங்கே நாம் கை வைக்கக் கூடாது. நாமே எழுதியதை எல்லோரும் ஓட்ட வேண்டுமென்றால் /usr/local/bin. நமக்கு மட்டும்தான் என்றால் நம் ஹோம் ஃபோல்டருக்குள் ஒரு bin. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தற்காலிகமாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். மக்காச்சோளம், சோயா எவ்வளவு போட வேண்டுமென்று தீவனம் கலக்கும் மிக்சருக்குச் சொல்லும் புரோகிராம் அவள் எழுதியது. அது ஒழுங்காக ஓடினால் ஆயுத பூஜை முடிந்ததும் வேலையை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார்.

எங்கள் ஆலையில் கம்ப்யூட்டரை யாரும் அணைப்பதே இல்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். மறுநாள் நல்ல நேரம் பார்த்து, முதலாளி குடும்பத்தோடு வந்து நிற்க, கற்பூரம் காட்டி முதல் லோடு ஓட்டுவது வழக்கம்.

இந்த முறை முதல் லோடுக்கு என்டர் தட்டியது அவள்தான். அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்றது திரை.

"எங்க வெச்சே கண்ணு?" என்றேன் மெதுவாக.

"/tmp-லீங்க அக்கா. இப்போதைக்கு இருக்கட்டும்னு..."

எங்கள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் /tmp-இல் இருப்பதெல்லாம் போய்விடும்.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"/usr/local/bin-ல வெக்கோணும்னா உங்க பாஸ்வேர்டு வேணுமுங்க. கேட்டா வைவீங்கன்னு பயமுங்க."

அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. நல்லவேளை, அவள் எழுதிய மூலம், அந்த சோர்ஸ் கோடு, அவள் ஹோம் ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. அதைக் கம்பைல் செய்து புரோகிராமை மறுபடி உருவாக்கினாள். நான் பாஸ்வேர்டு போட்டு, சேர வேண்டிய இடத்தில் சேர்த்தேன். மிக்சர் உறுமியது.

"என்னாச்சுங்க அம்மணி?" என்றார் முதலாளி.

அவள் மழுப்பவில்லை. "வெச்ச எடம் தப்புங்க. அணைச்சதும் அழிஞ்சுபோச்சு. இப்ப மாத்தி வெச்சாச்சுங்க."

"இனி அணைச்சாலும் இருக்குமுங்களா?"

"இருக்குமுங்க."

"அப்ப அணைச்சுக் காட்டுங்க."

நல்ல நேரத்தில் அணைப்பதா என்று முதலாளியம்மா முகத்தைச் சுளித்தார். முதல் லோடு முடிந்ததும் அணைத்தோம். திரை திரும்ப வரும்வரை அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு என்டர் தட்டினாள். மிக்சர் ஓடியது.

முதலாளி தலையாட்டினார். "அடுத்த பூசைக்கும் நீங்களே தட்டுங்க அம்மணி."

அவள் அழுதுவிட்டாள். நானும்தான்.