எனக்கும் அப்படித்தான்

என் எதிரில் யாராவது அழுதால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. இதற்கு இரக்கம் என்று பெயர் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவிதான் திருத்தினாள். இரக்கமெல்லாம் இல்லை, பயம் என்றாள். நாய் துரத்தி ஓடுகிறவனைப் பார்த்து, அவனுக்கு நாய் மேல் எவ்வளவு அக்கறை என்று யாராவது சொல்வார்களா என்று கேட்டாள். இன்றைக்கு ஐம்பதை நெருங்குகிறேன், இன்னும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில், மெட்ராசிலிருந்து நாலு நாள் கப்பல் பயணத்தில் இருக்கிற இந்தத் தீவில், டெலானிபூர் மேட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ஒரு ஆபீசில் குமாஸ்தா. இங்கிலீஷில் விண்ணப்பம் எழுதுவேன் என்று பெயர் பரவிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேராவது வாசலில் நிற்பார்கள். இடமாற்றம் வேண்டும், வீடு வேண்டும், சுட்டி வேண்டும். லீவுக்கு இங்கே தமிழன், வங்காளி, மலையாளி எல்லாருமே சுட்டி என்றுதான் சொல்வோம். விண்ணப்பம் என்றால் அதில் காரணம் எழுத வேண்டும். காரணத்தைக் கேட்டால் முதல் வாக்கியத்தை நன்றாகத்தான் சொல்வார்கள். இரண்டாவதில் குரல் கம்மும். மூன்றாவதில் நான் மாட்டிக்கொள்வேன்.

அப்படி ஒருநாள் தப்பிப்பதற்காக வாயில் வந்ததுதான் அந்த வாசகம். தாயார் இறந்த செய்தி கிடைத்தும் கப்பல் இல்லாமல் போக முடியாத மேஸ்திரி ஒருவர் உட்கார்ந்து அழுதார். நான் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, "எனக்கும் அப்படித்தான்" என்றேன். அழுகை சட்டென்று நின்றது. உங்க அம்மாவுமா என்று பார்த்தார். ஆமாம் என்றேன். என் தாயார் அப்போது தென்காசியில் ஆரோக்கியமாக மருமகள்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருந்து பலித்ததும் எல்லாருக்கும் அதையே கொடுத்தேன். தம்பி சொத்தைப் பிடுங்கிக்கொண்டான் என்று கராச்சர்மாவில் கடை வைத்திருந்த பாய் வருத்தப்பட்டால், எனக்கும் அப்படித்தான். எனக்குத் தம்பியே கிடையாது. இரண்டு அண்ணன்கள், மூன்று தங்கைகள். நிலத்தில் யானை புகுந்துவிட்டது என்று வங்காளக் குடியேறி ஒருவர் வந்தால், அதையே இந்தியில், ஹமாரா பி ஐசா ஹி. ஊரில் இருந்திருந்தால் இரண்டே நாளில் பிடித்திருப்பார்கள். இங்கே யாருக்கும் யாருடைய முன்கதையும் தெரியாது. எல்லாருமே கப்பலிலிருந்து இறங்கிய அன்றுதான் பிறந்த மாதிரி. நான் சொன்னதுதான் என் கதை. பாய் கடைக்குப் போன என் மனைவியிடம், மாமியார் தவறிய விஷயம் இப்போதுதான் தெரிந்தது என்று அவர் துக்கம் விசாரித்திருக்கிறார். அன்று மத்தியானம் எனக்கு ரசம் மட்டும்தான்.

அந்த லைன்மேன் வந்தது அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை. மின்சார இலாகாவில் வேலை. பத்துபஸ்தியில் இரண்டு அறை வீடு. கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், இருபத்தாறு வயது. எங்கள் ஜில்லாக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்பான், என் மனைவியை மதினி என்பான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன அவன் மனைவி, குழந்தை பிறந்து ஏழு மாதம் ஆகியும் திரும்பவில்லை. அடுத்த கப்பலில் வருகிறேன் என்று எழுதுவாள். பதினைந்து இருபது நாளைக்கு ஒருமுறை மெட்ராஸ் கப்பல் வரும். இவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஜெட்டிக்கு, அதாவது கப்பல் துறைக்குப் போவான். கடைசி ஆள் இறங்குகிறவரை நிற்பான். மூன்று கப்பல் பார்த்துவிட்டான்.

விண்ணப்பம் எதுவும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. யோசனை கேட்டுத்தான் வந்தான். "அவ இனிமே வருவாளான்னு தெரியல அண்ணாச்சி" என்றவன், மேலே பேச முடியாமல் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டான். கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் காலில் நிற்கிற ஆள். தோள் குலுங்குவதைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மனைவி பக்கத்து வீட்டில் இருந்தாள். தடுக்க ஆள் இல்லை.

எனக்கும் அப்படித்தான் என்று ஆரம்பித்தேன். என் மனைவி ஒன்றரை வருஷம் தீவுக்கு வர மறுத்தாள் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் துண்டை இறக்கிவிட்டு, பிறகு எப்படி வந்தாங்க என்று கேட்டான். அவன் கண்ணில் அவ்வளவு எதிர்பார்ப்பு. வெறும் கையோடு அனுப்ப மனம் வரவில்லை. ஒரே ஒரு வரி எழுதினேன் என்றேன். வருவதானால் அடுத்த கப்பலில் வா, இல்லையென்றால் வரவே வேண்டாம். அடுத்த கப்பலில் வந்து இறங்கினாள். கொஞ்சம் ருசிக்காக, ஜெட்டியில் என் காலில் விழுந்தாள் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவன் தெளிவாகப் போனான். நானும் தெளிவாகச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் கிளம்பிப் போனது. அன்று பகல் எங்கள் தெருவில் கம்பி அறுந்து, சரி செய்ய அவனே வந்திருக்கிறான். என் மனைவி கூப்பிட்டு டீ கொடுத்திருக்கிறாள். டீயைக் குடித்துக்கொண்டே, அந்த ஒரு வரியைப் படித்தபோது மனசு எப்படி மாறியது மதினி என்று கேட்டிருக்கிறான். எந்த ஒரு வரி என்று அவள் கேட்டிருக்கிறாள். நான் ஆபீசில் இருந்ததால் இதைக் கேட்கிற பாக்கியம் எனக்கு இல்லை.

மூன்று மணிக்கு ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இடுப்பில் கயிறும் கையில் குறடுமாக அவன் மேடேறி வந்துகொண்டிருந்தான். வந்த நடையிலேயே விஷயம் புரிந்துவிட்டது. பழைய ஃபைல் அறைக்குள் போய், யாரும் பத்து வருஷமாகத் தொடாத கட்டு ஒன்றை அவிழ்த்து மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தேன். எங்கள் தலைமைக் குமாஸ்தா, நாங்கள் படா பாபு என்று கூப்பிடுகிறவர், உள்ளே இருக்கிறார் என்று கையைக் காட்டிவிட்டார்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பேன். "எழுதிப் போட்டுட்டேன் அண்ணாச்சி. நீங்க சொன்னதை அப்படியே எழுதிட்டேன்" என்றான். கடிதம் கடலில் இருந்தது.

சாயந்திரம் அவனையும் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மூளை வேகமாக வேலை செய்தது. பயத்தில் அது எப்போதும் வேகமாகத்தான் வேலை செய்யும், திசைதான் தெரியாது. தந்தி அடித்துவிடலாம் என்றேன். கடிதத்தைப் படிக்காதே என்று இரண்டு சொல். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும். "அந்த ஊருக்குத் தந்தி எதுக்கு வரும்? சாவுக்குத்தான் வரும். பிரிக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு தாலியைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துருவா. கைப்பிள்ளைக்காரி." அப்படியானால் என் ஆபீசிலிருந்து அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு ஒரு சர்க்கார் கடிதம் போட்டால் என்ன என்றேன். இந்த முறை என் மனைவி பார்க்கக்கூட இல்லை. முருங்கைக் கீரையை ஒரு முறம் நிறைய என் முன்னால் கொட்டினாள். இதை ஆய்ந்து முடிக்கிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்றாள். பிறகு அவனிடம் திரும்பி, உன் பெண்டாட்டி கடைசியாக இங்கே இருந்தபோது என்ன நடந்தது, முதலிலிருந்து சொல்லு என்றாள்.

கீரை ஆய்ந்துகொண்டே கேட்டேன். வேறு வழி இல்லை.

அவளை ஏழாம் மாதத்தில் கப்பல் ஏற்றியிருக்கிறான். கூடப் போக இவனுக்குச் சுட்டி கிடைக்கவில்லை. தெரிந்த குடும்பம் ஒன்று அதே கப்பலில் போனது, அவர்களிடம் ஒப்படைத்தான். அவர்கள் ஏறிய ஒரு மணி நேரத்தில் வாந்தியெடுத்துப் படுத்தவர்கள், மெட்ராசில்தான் எழுந்தார்கள். கீழ்த் தட்டில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பலகைப் படுக்கை. இவளுக்கு மேல் படுக்கை. வயிற்றோடு ஏற முடியாது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்க இந்தி தெரியாது. நாலு நாளும் ஏணிக்கு அடியில் தரையில் சேலையை விரித்துப் படுத்திருக்கிறாள். இறங்கியதும் எழுதிய முதல் கடிதத்திலேயே இதையெல்லாம் எழுதியிருக்கிறாள்.

இதில் நாலைந்து இடத்தில் எனக்கு வாய் துறுதுறுத்தது. அந்தக் கீழ்த் தட்டில் நானும் வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனைவி முறத்தைப் பார்த்தாள். நான் காம்பைக் கிள்ளினேன்.

அந்தக் கடிதத்துக்கு நீ என்ன பதில் போட்டாய் என்று அவள் கேட்டாள். அவன் கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்து முடிந்தான். இந்த மாதிரி இடத்தில்தான் நான் வழக்கமாகக் குதிப்பேன். அன்று கீரை காப்பாற்றியது.

"எனக்கும் இங்க தனியா ஒரே கஷ்டம்தான், ஓட்டல் சோறு ஒத்துக்கிடலன்னு எழுதினேன் மதினி" என்றான்.

என் கை நின்றுவிட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காததுதான் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் அவனாகவே சொன்னான். அவள் தீவுக்குப் பயப்படவில்லை. கைப்பிள்ளையோடு மறுபடி அந்த ஏணிக்கு அடியில் படுக்கத்தான் பயப்படுகிறாள். அதை வாய்விட்டுச் சொன்னால் இவன் என்ன பதில் எழுதுவான் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் அடுத்த கப்பல் அடுத்த கப்பல் என்று எழுதுகிறாள். இதை நாங்கள் யாரும் அவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. பேசிக்கொண்டே வந்தவன் அங்கே வந்து சேர்ந்தான். எனக்கு இது ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிஷம் யாரும் குறுக்கே விழாமல் இருந்தால் மனுஷன் தன் வீட்டுக்குத் தானே வழி கண்டுபிடித்துவிடுவான் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை கல்கத்தா கப்பல் இருந்தது. அதில் இன்னொரு கடிதம் போட்டால் சுற்றிக்கொண்டாவது போய்ச் சேரும். நான் எழுதித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தேன். அவன் மரியாதையாக வாங்கிக்கொண்டு அவனே எழுதினான். முதல் கடிதத்தை எழுதியது முட்டாள்தனம், நான் வந்து கூட்டிவருகிறேன், அதுவரை அங்கேயே இரு. பிறகு ஒரு பக்கம் எழுதினான். அதை எங்களுக்குப் படித்துக்காட்டவில்லை.

சுட்டி விண்ணப்பத்தை மட்டும் என்னை எழுதச் சொன்னான். பழக்கதோஷத்தில், தாயாருக்கு உடல்நிலை கவலைக்கிடம் என்று ஆரம்பித்தேன். இந்தத் தீவின் சுட்டி விண்ணப்பங்களை நம்பினால் மெயின்லேண்டில் ஒரு தாயும் உயிரோடு இருக்க முடியாது. அவன் வேண்டாம் என்றான், உள்ளதை எழுதுங்க என்றான். மனைவியையும் கைக்குழந்தையையும் கப்பலில் துணையோடு கூட்டிவர வேண்டும் என்று எழுதினேன். எழுதும்போதே இது நிராகரிக்கப்படும் என்று எனக்கு நிச்சயமாக இருந்தது. அவனுடைய என்ஜினீயர் அதை இரண்டு தடவை படித்தாராம். மழை ஓயட்டும், போ என்று கையெழுத்துப் போட்டாராம்.

பதில் வர ஐந்து வாரம் ஆயிற்று. ஒரே கப்பலில் இரண்டு கடிதம். இரண்டையும் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். முதலாவது மாமனாருடையது. என்னுடைய அந்த ஒற்றை வரிக்கான பதில். உங்கள் விருப்பப்படியே ஆகட்டும், பெண்ணின் பாத்திரங்களை அனுப்பி வைக்கவும் என்று இருந்தது. அவன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். எனக்குள் ஆறுதல்கள் கூட்டமாக ஓடிவந்தன. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அன்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவன் குடித்துவிட்டு இரண்டாவதைப் பிரித்தான். அது அவளுடையது, தேதி ஒன்பது நாள் பிந்தி இருந்தது.

"ரெண்டாவது கடுதாசி கெடைச்சுது. மொதல் கடுதாசியை அப்பா வாசிச்சிட்டாங்க. நீங்க வாங்க. ஆனா அப்பாகிட்ட நீங்களே பேசணும். உங்களுக்காக நான் பேச மாட்டேன்."

மழை ஓய்ந்ததும் போனான். மாமனார் முன்னால் என்ன பேசினான் என்று இன்றுவரை சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவன் இல்லாத ஏழு வாரமும், வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் நான் ஜெட்டிக்குப் போனேன். மனைவி சிரித்தாள். மூன்றாவது கப்பலுக்கு அவளும் வந்தாள்.

அன்று இறங்கினார்கள். அவன் தலையில் படுக்கைச் சுருட்டு, கையில் டிரங்குப் பெட்டி. அவள் இடுப்பில் குழந்தை, நல்ல தூக்கத்தில். அவள் என் மனைவியிடம் நேராக வந்து, "மூணு மாசம் இருந்து பாக்கேன் மதினி. ஒத்துவரலன்னா இவுகளே கொண்டுபோய் விடணும்னு பேச்சு" என்றாள். என் மனைவி சரி என்றாள். பிறகு அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று முகத்தில் தெரியவில்லை. எல்லாம் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்லுதீக என்று கேட்டாள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும், தீவு பழகிவிடும், எங்கள் வீட்டிலேயே பாருங்கள் என்று எட்டு வாக்கியம் தயாராக இருந்தது. எட்டும் எனக்கே சலிப்பாக இருந்தது.

"கப்பல்ல தூங்க முடிஞ்சுதாம்மா?" என்றேன்.

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு ஆரம்பித்தாள். ஏறியபோது இருந்த கூட்டம், கீழ்ப் படுக்கைக்காக இவன் யார் யாரிடமோ சண்டை போட்டது, குழந்தைக்கு வெந்நீர் கேட்டு சமையல்காரரிடம் இவன் இந்தியில் உளறியது. நாங்கள் மூன்று பேரும் நின்று கேட்டோம். பத்துபஸ்திப் பேருந்து வந்தபோது அவள் கப்பல் கதையில் இரண்டாம் நாள் மத்தியானத்தில்தான் இருந்தாள். கண்டக்டர் கூப்பிட்டான். லைன்மேன் அவனைப் போகச் சொல்லிவிட்டு, டிரங்குப் பெட்டியைக் கீழே வைத்தான்.