இரண்டு மருந்து

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. இறந்துபோன என் தம்பியின் கல்யாண வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. அவன் மனைவி செல்வி சின்னசேலத்திலிருந்து வரும்போதெல்லாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

வைரஸ் வந்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று யாரோ சொல்ல, பயந்துபோய் ஆன்டிவைரஸ் தேடினேன். எது நல்லது என்று புரியவில்லை. மக்காச்சோளத்துக்கே இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கிறவன் நான். இலவசமாகக் கிடைத்த இரண்டையும் ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டர் அசையாமல் நின்றது. ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டேன். கடைசியில் திரையே வரவில்லை.

கள்ளக்குறிச்சி ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்தார். "பழைய மிஷினுக்கு லேசானதா ஒண்ணு போதுங்க. ரெண்டு போட்டா ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிக்கினு நிக்கும். நீங்க கரண்ட்டை வேற நிறுத்திக்கினே இருந்திருக்கீங்க. ஹார்ட் டிஸ்க் பூடுச்சிங்க" என்றார். சென்னைக்கு அனுப்பியும் ஒன்றும் கிடைக்கவில்லை.

இப்போது புது ஹார்ட் டிஸ்க்கில் ஒரே ஆன்டிவைரஸ்தான். எந்தப் படமானாலும் அன்றே பென்டிரைவிலும் போட்டுவிடுகிறேன்.

போன வாரம் செல்வி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "படம் வராட்டி போவுது மாமா. அவரு பேசறது மட்டுமாச்சும் வருமா?"