அட்டையில் இடப்பக்கம்

பிள்ளைகளா, ஃபேஷன் பத்திரிகை அட்டையில் எந்த நடிகை வரவேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள் எனக் கேட்டீர்கள். ஆசிரியர்தான். ஆனால் ஒரே ஒரு மாதம் அதில் உங்கள் அப்பாவுக்கும் பங்கு இருந்தது. எட்டாவதோடு நின்றவன், அதனால் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

அட்டைப்படம் எடுக்கச் சென்னையிலிருந்து நம் ஊருக்கு வந்திருந்த பத்திரிகையின் பெண் ஆசிரியர் ஒருவர், பஸ் ஸ்டாண்டில் இருக்கும் நம் பத்திரிகைக் கடைக்கு வந்தார். கையில் இரண்டு மாதிரி அட்டைகள். ஒன்றில் ஊரறிந்த கதாநாயகி. இன்னொன்றில் மஞ்சள் சுவரோரம் பட்டுப்புடவையில் ஒரு புதுமுக நடிகை; நம் நிறம். யாருக்குப் படம் வெளிவருகிறது, உடை கொடுத்த கம்பெனி யாரைக் கேட்கிறது, போனில் யாரைப் பின்தொடரும் கூட்டம் அதிகம் என்றெல்லாம் பார்ப்பார்களாம். எதில் பார்த்தாலும் கதாநாயகிதான். ஆசிரியருக்கோ புதுமுகத்தின்மேல் மனசு. கடைக்காரர்கள் விற்கும் என்றால் போடலாம், இல்லாவிட்டால் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்று பத்திரிகை முதலாளி சொல்லிவிட்டாராம்.

நான் இரண்டையும் மற்ற பத்திரிகைகளோடு கயிற்றில் கிளிப் போட்டு மாட்டினேன். நம் கடையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறித்தான் தொங்கும். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் நாலு விரல் அகலம் தெரிந்தால் அதிகம். கதாநாயகியின் கண் தெரிந்தது. புதுமுகம் வலப்பக்கம் நின்றிருந்தாள்.

"பொண்ண காணமே மேடம். வெறும் செவுத்த யாரு வாங்குவா?" என்றேன்.

அவர் முகம் வாடிவிட்டது. பிறகு, படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிவிடலாமே என்றார்.

"திருப்பனா முந்தானி வலது தோளுக்குப் போயிடும். எங்க வூட்லயே சிரிப்பாங்க."

அவரே சிரித்துவிட்டார். "ஆபீஸ்ல பத்து பேரு பாத்தோம்ணா. எல்லாரும் கம்ப்யூட்டர்லதான் பாத்தோம்."

மறுநாள் காலையிலேயே அதே சுவரோரம் அந்தப் பெண்ணை இடப்பக்கம் நிறுத்தி மறுபடி எடுத்தார்கள். அதை மாட்டிக் காட்டி, விற்கும் என்று என் வாயால் போனில் முதலாளியிடம் சொன்னேன்.

இதழ் வந்த அன்று, காலாப்பட்டு பஸ்ஸுக்கு நின்ற ஒரு அம்மா கயிற்றைப் பார்த்து, "யாருங்க இந்தப் பொண்ணு?" என்றார். கதாநாயகியை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள். உள்ளே போட்டிருக்கிறது, வாங்கிப் பாருங்கள் என்றேன். வாங்கினார். மத்தியானத்துக்குள் இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். உடனே ஆசிரியருக்கு போன் போட்டேன்.

"யாருன்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க மேடம்."

"வைங்கண்ணா, அவகிட்ட சொல்லணும்" என்றார்.