ஏரிக்கரையில் இறுகும் கை

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வராத காலம். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து அங்கே போகும் காலை பஸ்ஸில் ஒரு நர்ஸ் தினமும் என் பக்கத்தில் உட்காருவாள். ஒல்லி உடம்பு, இழுத்துக் கட்டிய கொண்டை, ஓயாத பேச்சு. பஸ் ஏரிக்கரைமேல் ஏறியதும் பேச்சு நின்றுவிடும். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, நகம் பதிய என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்வாள். கரை தாண்டியதும் கையை விட்டுவிட்டுச் சிரிப்பாள்.

“தண்ணின்னா பயமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“எனக்கா? சேச்சே! நல்லா நீந்துவேன் டீச்சர். எனக்கு ஒரு தம்பி இருந்தானாம், இந்த ஏரியிலதான் முழுகிப் பூட்டானாம். ரெண்டு பேரும் கரையில வெளையாடிக்கினு இருந்தோம்னு அம்மா சொல்லும். அப்போ எனக்கு அஞ்சு வயசு. அவன் மூஞ்சிகூட ஞாபகமில்ல.”

சொல்லிவிட்டு வேர்க்கடலை உரித்தாள். எனக்குத்தான் உறைத்தது. நழுவிப்போகிற குழந்தையை இழுப்பது போலத்தான் தினமும் என் கையை இழுத்திருக்கிறாள். கண் மூடியிருக்கும்போது தான் முணுமுணுப்பதும் அவளுக்குத் தெரியாது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் இந்தச் சிரிப்பு என்ன ஆகுமோ என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

மறுநாளும் ஏரிக்கரை வந்தது. கையை நானே நீட்டினேன்.

கண்ணை மூடியபடி, “அக்கா கைய வுடாதடா” என்று முணுமுணுத்தாள்.