அண்ணன் ஊர்ப் பாலம்

பாரிஸில், லா சப்பலில், மரக்கறிக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவள் நான். பன்னிரண்டு வயதில் பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியச் சடங்குக்குத் தாய்மாமன், அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன், வரவில்லை.

"ஆறு பெருகிப் பாலம் உடைஞ்சு போச்சு, தங்கச்சி" என்றார் போனில்.

"முழு அமெரிக்காவிலையும் ஒரு பாலம்தானோ இருக்கு?" என்று வெட்டினேன். அதன்பின் ஏழு வருடம், அவர் அழைத்தாலும் நான் போனை எடுக்கவில்லை.

போன மாதம் அண்ணனின் அயலில் வசிக்கும் வெள்ளைக்காரப் பெண் ஒருவர், பாரிஸ் பார்க்க வந்த இடத்தில், கடைக்கு வந்தார். பேப்பர் பையொன்றில் தங்கள் ஊரைக் கீறிக் காட்ட, மகள் மொழிபெயர்த்தாள். மூன்று பக்கமும் மலை, முன்னால் ஆறு, வெளியே போக ஒரே பாலம். நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதும் ரயில் நின்றது, சனமும் போய்விட்டது. மிஞ்சியவர்களுக்கு அண்ணனின் கடை ஒன்றுதான். தற்காலிகப் பாலம் போடும்வரை மூன்று வாரமும் ஊருக்கே சாப்பாடு அங்கிருந்துதானாம்.

அண்ணன் கொடுத்தனுப்பிய பெட்டியையும் தந்தார். உள்ளே பட்டுச் சேலையும், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் அளவில் தைத்த சட்டையும் இருந்தன. மகள் அதைத் தோளில் வைத்துப் பார்த்தாள். பாதிக்கும் காணாது.

அன்றே அண்ணனுக்குப் போன் எடுத்தேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"அண்ணை, பாலம் கட்டியாச்சோ?"

"ஓம் தங்கச்சி, அது அடுத்த வருசமே கட்டியாச்சு."

மிச்சம் ஆறு வருடமும் போனை எடுக்காமல் விட்டது நான்தான்.